அண்ணன் ஐ.பி. (திவால் மனு) போடப்போறார். நிலத்தை என் பேருக்கு எழுதறேங்கறார், வாங்கிக்கலாமா?

காவேரிப்பட்டணம் தங்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சட்ட விவரம் தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு பதில் சொல்லுங்க. வீட்டுல இதைப் பத்தி யார்கிட்டயும் மனசு விட்டுப் பேச முடியல.

என் அண்ணன் மாந்தோப்பு குத்தகை எடுத்து வியாபாரம் பண்றவர். காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கம் பூ பிடிக்கறதுக்கு முன்னாடியே தோப்புக்காரங்களுக்கு முன்பணம் கொடுத்துடுவார். காய் இறக்கினதும் பெங்களூரா ரகம் கூழ் ஃபேக்டரிக்குப் போகும், மிச்சம் வெளி மார்க்கெட்டுக்கு. தொடர்ந்து ரெண்டு சீசன் பலத்த அடி. ஒரு வருஷம் பூவெல்லாம் கருகிப் போச்சு. அடுத்த வருஷம் காய் கொட்டிக் கிடந்தும் விலை இல்ல. இறக்குக்கூலிக்கே கட்டாதுன்னு சில தோப்புல காயை மரத்துலயே விட்டுட்டு வந்தார்.

இப்ப மொத்தக் கடன் 31 லட்சம். வீட்டுப் பத்திரம் வெச்சு பேங்குல 9 லட்சம், டாடா ஏஸ் ஃபைனான்ஸ் பாக்கி 2 லட்சம், தோப்புக்காரங்க ஏழு பேருக்குத் தர வேண்டியது 6 லட்சம். மிச்சமெல்லாம் கைமாத்தும் புரோநோட்டும். அதுல ஒருத்தர்கிட்ட வாங்கினது பத்து வட்டி.

பத்திரம் எழுதற ஒருத்தர் அண்ணனுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கார். 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை என் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிடணுமாம். என் வீட்டுக்காரர்கிட்ட 8 லட்சம் வாங்கின மாதிரி பழைய தேதியில ஒரு புரோநோட்டு தயார் பண்ணணுமாம். பெங்களூரு வியாபாரி ஒருத்தர் அண்ணனுக்குத் தர வேண்டிய 2,50,000 ரூபாயை எங்கயும் காட்டக்கூடாதாம். அப்புறம் ஐ.பி. போட்டு மஞ்சக் கடுதாசி அனுப்பிட்டா கடன் எல்லாம் போச்சு, நிலத்தைக் கொஞ்ச நாள் கழிச்சுத் திருப்பி வாங்கிக்கலாம்னு சொல்றாராம். இதுக்கு நடுவுல போன மாசம் கூட்டாளி ஒருத்தர் நெருக்கினார்னு அவருக்கு மட்டும் ஒண்ணரை லட்சம் முழுசா அடைச்சுட்டார்.

என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன்னு உறுதியா சொல்லிட்டார். அண்ணன் என்கிட்ட, "உன்னைப் படிக்க வெச்சுக் கட்டிக் கொடுத்தேன், எனக்கு நீ பண்ணலைன்னா யாரும்மா பண்ணுவா"ங்கறார். அம்மா ரெண்டு பேர் முகத்தையும் பார்த்து அழறாங்க. அப்பா போனப்புறம் அண்ணன் இல்லைன்னா நான் இல்ல. அவருக்கு உதவணும்னுதான் நினைக்கிறேன். ஆனா இது உதவியா, ஆபத்தான்னு புரியல. நிலத்தை வாங்கிக்கலாமா?


பாகலூர் ரோடு எழுதியது:

அக்கா, 2016-லயே புது திவால் சட்டம் வந்துடுச்சே. இப்ப கடன் தீர்ப்பாயத்துலதான் மனு போடணும்னு படிச்சேன். வசதி இல்லாதவங்களுக்கு ஃப்ரெஷ் ஸ்டார்ட்னு கடனை மொத்தமா தள்ளுபடி பண்ற வழியும் அதுல இருக்கு. பழைய ஐ.பி. எல்லாம் எதுக்கு? அதைப் பாருங்க.


பழைய கட்டு, தர்மபுரி எழுதியது:

தங்கச்சி, நான் நீதிமன்ற எழுத்தரா சேர்ந்து பெஞ்ச் கிளார்க்கா ஓய்வு பெற்றவன். சார்பு நீதிமன்றத்துல இருந்தப்ப ஐ.பி. கட்டுகள் நிறைய என் மேஜை வழியாப் போயிருக்கு. வக்கீல் கிடையாது, ஆனா எந்தக் காகிதம் எந்த இடத்துல மாட்டும்னு கண்ணால பார்த்திருக்கேன். அதனால முதல்லயே சொல்லிடறேன், வாங்காதீங்க. உங்க வீட்டுக்காரர் செஞ்சது ரொம்பச் சரி.

தம்பி சொன்ன 2016 சட்டம் உண்மைதான். ஆனா அதுல தனிநபர் பாகம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ன ஆளுங்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கு. உங்க அண்ணன் மாதிரி தனி வியாபாரிக்கு வரல. அந்த ஃப்ரெஷ் ஸ்டார்ட்டும் சட்டப் புத்தகத்தோட நிக்குது, அதுவுமே 35,000 ரூபாய் வரைக்குமான கடனுக்குத்தான். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருஷச் சட்டம். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். ஐ.பி.ன்னு ஊர்ல சொல்றது அதுல போடற மனுவைத்தான்.

மனுவுல என்ன எழுதணும்னு 13-ஆம் பிரிவு சொல்லுது. யார் யாருக்கு எவ்வளவு தரணும், அவங்க பேர், ஊர், விலாசம் எல்லாம் வேணும். தன்கிட்ட என்னென்ன சொத்து, எங்க இருக்கு, என்ன மதிப்புன்னு இருக்கணும். அதையெல்லாம் கோர்ட் வசம் ஒப்படைக்கத் தயார்னு எழுதணும். முன்னாடி எப்பவாவது ஐ.பி. போட்டிருந்தா அதையும் சொல்லணும். எழுதினது அத்தனையும் உண்மைன்னு அடியில உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும். பத்திரம் எழுதறவர் யோசனை சொல்வார், கூண்டுல ஏறப்போறது உங்க அண்ணன்.

ஒரு விசாரணையைச் சொல்றேன். தானிய வியாபாரி ஒருத்தர், நல்லா வாழ்ந்த மனுஷன். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமா ஆரம்பிச்சார். வேற நிலம் இருக்கா? இல்லைங்க. கடந்த ரெண்டு வருஷத்துல யாருக்காவது எதையாவது எழுதிக் கொடுத்தீங்களா? இல்லைங்க. வக்கீல் ஒரு வில்லங்கச் சான்றை என்கிட்ட நீட்டினார், நான் வாங்கி மேல கொடுத்தேன். மனு போடறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி மச்சினிச்சி பேருக்குப் போன செட்டில்மென்ட், ஆவண எண்ணோட, ரெண்டே வரியில இருந்தது. அவரையே படிக்கச் சொன்னாங்க. கண்ணாடியைக் கழட்டித் துண்டால துடைச்சார், மறுபடி போட்டார், மறுபடி கழட்டினார். வாயிலிருந்து வார்த்தை வரல. அவருக்கு உண்மையிலேயே நஷ்டம்தான், அதுல பொய்யே கிடையாது. ஆனா அந்த நிமிஷத்துக்கு அப்புறம் அவர் சொன்ன நஷ்டக் கணக்கை ஒருத்தரும் நம்பல. இப்ப வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்துல யார் வேணும்னாலும் வீட்டுல உட்கார்ந்தே பார்க்கலாம். உங்க அண்ணனுக்குக் கடன் கொடுத்தவங்களும் பார்ப்பாங்க.

சட்டப்படி என்ன ஆகும்னா, 53-ஆம் பிரிவு. பணம் வாங்காம எழுதிக் கொடுத்த சொத்து, எழுதின தேதியில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்ட ஐ.பி. மனுவுல அவர் நொடிச்சவர்னு தீர்ப்பானா, அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணலாம். அதுக்கான மனுவுல எதிர்மனுதாரர் நீங்க. கோர்ட் படி ஏறப்போறது அண்ணன் மட்டும் இல்ல, நீங்களும்.

8 லட்சம் புரோநோட்டு இதைவிடக் கெட்டது. அதை வெச்சு உங்க வீட்டுக்காரர் தன் கடனை நிரூபிக்கணும். பணத்தை எங்க இருந்து எடுத்தீங்க, எந்த பேங்கு, அந்த மாசச் சம்பளம் எவ்வளவுன்னு கேள்வி வரும். பொய்ப் பேரைப் பட்டியல்ல சேர்க்கறது மத்தவங்களுக்குப் போக வேண்டிய பங்கைப் பிடுங்கறது. இருக்கற சொத்தை வித்து எல்லாருக்கும் கடன் விகிதப்படி பிரிச்சுக் கொடுக்கறதுதான் இந்தச் சட்டத்தோட வேலையே. உங்க வீட்டுக்காரர் பேர்ல போற ஒவ்வொரு ரூபாயும் ஒரு தோப்புக்காரர் வீட்டு ரூபாய்.

கூட்டாளிக்கு அடைச்ச ஒண்ணரை லட்சம் நடந்து முடிஞ்ச விஷயம். மனு போடறதுக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டணும்னு கொடுத்திருந்தா 54-ஆம் பிரிவுல அது செல்லாது. நெருக்கடி தாங்காம கொடுத்ததா, சலுகையா கொடுத்ததாங்கறதைக் கோர்ட் பார்க்கும். அதனால மறைக்காம தேதியோட சொல்லிடணும். பேங்க் கணக்குல தெரியறதை மறைச்சு என்ன ஆகப்போகுது?

மறைச்சதா நிரூபணம் ஆனா 69-ஆம் பிரிவுல ஒரு வருஷம் வரை சிறை இருக்கு. ஆனா நான் அதிகம் பயப்படறது அதுக்கு இல்ல. விடுவிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைப் பத்தி யாருமே பேசறதில்ல. மனு போட்டதும் கடன் போயிடாது. முதல்ல நொடிச்சவர்னு கோர்ட் தீர்மானிக்கும். சொத்து ரிசீவர், அதாவது சொத்தைப் பொறுப்பெடுக்க கோர்ட் நியமிக்கறவர், கைக்குப் போகும். கடன் விவரம் நிரூபணம் ஆகி, பணம் பிரிச்சுக் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் குறிச்ச காலத்துக்குள்ள விடுவிப்பு கேட்டு இன்னொரு மனு போடணும். அது கிடைச்சாத்தான் கடன்ல இருந்து விடுதலை. அந்த மனுவைப் போடாம விட்டவங்க கதை எத்தனையோ பார்த்தேன். 43-ஆம் பிரிவுல முதல் தீர்மானமே ரத்தாகி, எல்லாக் கடனும் பழையபடி தலைமேல வந்து உட்காரும்.

விடுவிப்பு கேக்கறப்ப 42-ஆம் பிரிவு குறுக்க வரும். சொத்து மதிப்பு கடன்ல ரூபாய்க்கு 50 பைசா கூடத் தேறலைன்னா முழு விடுவிப்பு கிடையாது, அந்த நிலைமை தன் கைமீறின காரணத்தால வந்ததுன்னு அவர் காட்டினாலொழிய. கணக்கு வெக்கலைன்னாலும், ஊதாரிச் செலவு, சூதாட்டம், சொத்து மறைப்பு இருந்தாலும் முழு விடுவிப்பு கிடைக்காது. இங்கதான் தங்கச்சி, உங்க அண்ணன் பக்கம் பலம் இருக்கு. பூ கருகினதும் விலை விழுந்ததும் அவர் செஞ்ச குத்தம் இல்ல. குத்தகை நோட்டு, ஃபேக்டரி எடைச்சீட்டு, இறக்குக்கூலிக் கணக்கு, லாரி வாடகைச் சீட்டு எல்லாம் அவருக்குச் சாட்சி சொல்லும். கள்ளப் பத்திரம் ஒண்ணு நடுவுல வந்துட்டா அந்த நல்ல சாட்சியெல்லாம் வீணாப் போகும். இதை அவர்கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.

எல்லாம் போயிடுமோங்கற பயத்துலதான் மறைக்கத் தோணும். அப்படி எல்லாம் போகாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவுல ஜப்தி பண்ணக்கூடாததுன்னு உள்ளதெல்லாம் ரிசீவர் கைக்கு வராது. துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, பொம்பளைங்க வழக்கப்படி கழட்டக்கூடாத தாலி, தொழிலாளியோட கருவிகள், ஆயுள் காப்பீட்டுப் பணம், பி.எஃப். எல்லாம் அதுல வரும்.

ஒண்ணு கேக்கணும். அந்த நிலம் அண்ணன் சம்பாதிச்சு வாங்கினதா, அப்பா வழியில வந்ததா? பாகப்பிரிவினை பதிவாகியிருக்கா?


ராயக்கோட்டை விவசாயி எழுதியது:

நான் பணம் கொடுத்துட்டு நின்னவன். தக்காளி வெள்ளாமை. ஒரு வியாபாரிக்குக் கடனுக்குப் போட்ட சரக்குல 1,80,000 நின்னு போச்சு. இன்னிக்குத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னு இழுத்து, கடைசியில கோர்ட் நோட்டீஸ் வந்துச்சு. பட்டியல்ல என் பேருக்கு நேரா 40,000-னு போட்டிருந்தான். அதே பட்டியல்ல அவன் சகலைக்கு 7 லட்சம். அந்த சகலை ஊர்ல என்ன வேலை பார்க்கறார்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

அவன்கிட்டப் பணம் இல்லங்கறது எனக்கும் தெரியும். தக்காளி கிலோ ரெண்டு ரூபாய்க்குப் போனதைப் பார்த்தவன்தானே நானும், ரோட்டோரம் கொட்டிட்டு வந்தவன்தானே. எனக்கு வயிறு எரிஞ்சது அந்த 40,000-ஐப் பார்த்துத்தான். எடைச்சீட்டு அத்தனையும் என் வீட்டு டிரங்குப் பொட்டியில இருக்கு. நாங்க பாதிக்கப்பட்டவங்க எல்லாம் சேர்ந்து ஒரே வக்கீல் வெச்சு எதிர்த்து நின்னோம். உண்மைத் தொகையைப் போட்டு, "அண்ணே, இவ்வளவுதான் இருக்கு, பிரிச்சுக்கங்க"ன்னு சொல்லியிருந்தா நாங்க கோர்ட் வாசலுக்கே போயிருக்க மாட்டோம். பாதிக்கு ஒத்துக்கிட்டிருப்போம், சத்தியமா.

அம்மா, உங்க அண்ணன் அந்தத் தோப்புக்காரங்க ஏழு பேரையும் நோட்டீஸ் போறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பார்க்கட்டும். திட்டுவாங்க. திட்டட்டும். உங்க பேருக்கு இவ்வளவு எழுதப்போறேன், சரியா இருக்கான்னு நோட்டைக் காட்டிக் கேக்கட்டும். காய் மரத்துலயே நின்னதை அவங்களும் பார்த்திருக்காங்க.


காவேரிப்பட்டணம் தங்கை எழுதியது:

தர்மபுரி ஐயா, ராயக்கோட்டை அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. எழுதினதை என் வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன்.

நிலம் அப்பா சம்பாதிச்சு கிரயம் வாங்கினது. உயில் எதுவும் எழுதல. அப்பா போனப்புறம் வாரிசுச் சான்று வாங்கி, அண்ணன் பேருக்கே பட்டா மாத்தினோம். எனக்கும் அம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தோம், அவ்வளவுதான். பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு பண்ணல. வீடு அண்ணன் கட்டினது. பேங்க் கடனுக்கு அம்மாவும் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்காங்க.


ஓசூர் வக்கீல் எழுதியது:

சகோதரி, நல்ல நேரத்தில் இதைச் சொன்னீர்கள். தர்மபுரி ஐயா கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது உரிமையை உண்டாக்காது. அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம், உயில் இல்லை என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பா இறந்தபோது அவருடைய தாயார், அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா மாற்றத்துக்காக எழுதிக்கொடுத்த ஆட்சேபணையில்லாக் கடிதத்தால் உங்கள் பங்கு போய்விடாது. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும்.

ஆகவே பாட்டி அப்போது இல்லையென்றால், அந்த 1 ஏக்கர் 20 சென்ட்டில் அண்ணனுக்கு உரியது பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கு மட்டும். மனுவில் அவர் காட்ட வேண்டியதும் அதுதான். ரிசீவர் எடுத்துக்கொள்ளக்கூடியதும் அதுவே. முழு நிலத்தையும் அவர் உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுதி நீங்கள் வாங்கிக்கொண்டால், முழுவதும் அண்ணனுடையது என்று நீங்களே ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். பத்திரம் ரத்தானால் உங்கள் சொந்தப் பங்குக்காகவும் அம்மாவின் பங்குக்காகவும் பிறகு தனியாகப் போராட நேரிடும். உள்ளதை உள்ளபடி எழுதினால் இரண்டு பங்கு சிக்கலில்லாமல் நிற்கிறது. இதை அண்ணனிடம் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று, இப்போது அவசரமாகப் பாகப்பிரிவினை பதிவு செய்து அண்ணனுக்குக் கரட்டையும் உங்களுக்குக் கிணற்றடியையும் ஒதுக்க வேண்டாம். அதுவும் கேள்விக்கு வரும். அப்பாவின் கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றும் இப்போதைக்குப் போதும்.

ஐ.பி. எதை நிறுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டை அடமானம் வாங்கிய வங்கி, வண்டிக்கு ஃபைனான்ஸ் கொடுத்தவர்கள் தங்கள் ஈட்டின் மேல் நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது. 28-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு உள்ளது. செக் திரும்பிய வழக்கு இருந்தால் அது குற்ற வழக்கு, அதன் பாட்டுக்கு நடக்கும். அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியும், மோசடி செய்து வாங்கிய கடனும் விடுவிப்பு கிடைத்தாலும் தீராது. கடனாளி விடுதலையானாலும் ஜாமீன்தாரர் விடுதலையாவதில்லை என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு இது பெரிய விஷயம். ஐ.பி. மனுவுக்கு முன்பே வங்கியில் போய் ஒரே தவணைத் தீர்வுக்குப் பேசுங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள். வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அம்மாவின் போனுக்கு அப்படி அழைப்பு வந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பத்து வட்டிக்காரரையும் பட்டியலில் சேருங்கள். வாங்கிய அசல் எவ்வளவு, இதுவரை கட்டிய வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. மிரட்டல் வந்தால் அந்த வழி தனியாக இருக்கிறது. அவர் மேல் உள்ள பயத்தால் பட்டியலில் பெயரை விட வேண்டாம்.

ராயக்கோட்டை ஐயா சொன்ன சமரசத்துக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. நொடித்தவர் என்று தீர்மானம் ஆன பிறகு, 38-ஆம் பிரிவின்படி கடனாளி ஒரு தீர்வுத் திட்டம் வைக்கலாம். கடனை நிரூபித்துவிட்டு நேரிலோ வக்கீல் மூலமோ வந்திருப்பவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும் தொகையில் முக்கால் பங்கும் சம்மதித்து, நீதிமன்றமும் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். தோப்புக்காரர்கள் ஏழு பேரின் நம்பிக்கை அங்கே பணமாகவே மாறும். பொய்க் கடன் ஒன்றைப் பட்டியலில் பார்த்தபின் யார் கை தூக்குவார்கள்?

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, ஆகவே நீங்களும் அம்மாவும் உங்கள் பங்கு குறித்துத் தாராளமாகக் கேட்கலாம். அண்ணனுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணில் முதலில் பேசிவிட்டுப் போனாலும் சரி.


காவேரிப்பட்டணம் தங்கை எழுதியது:

வக்கீல் சார், மூணுல ஒரு பங்குன்னு எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நேத்து ராத்திரி அண்ணனை வீட்டுக்கு வரச்சொல்லி நீங்க எல்லாரும் எழுதினதை முழுசா படிச்சுக் காட்டினேன். முதல்ல கோவப்பட்டார். தோப்புக்காரங்களுக்குப் போற ரூபாய்ங்கற வரி வந்தப்ப நிறுத்தச் சொல்லிட்டு வாசல்ல போய் நின்னார். திரும்பி வந்து, "செட்டில்மென்ட் வேணாம், மாப்பிள்ளை கையெழுத்தும் வேணாம்"னார். சந்தூர்ல ஒரு பெரியவர்தான் இவரை நம்பி முதல் தோப்பு கொடுத்தவராம், அவரை முதல்ல பார்க்கறேங்கறார்.

அவர் இன்னும் தயங்கறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். பெங்களூரு பாக்கி. அந்த வியாபாரி போனே எடுக்கறதில்ல, வராத பணத்தை சொத்துன்னு எதுக்குக் காட்டணும்னு கேக்கறார். வெளியூர்ல புதுசா கடன் வாங்கி ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாமான்னும் ஒரு யோசனை இருக்கு.


பழைய கட்டு, தர்மபுரி எழுதியது:

புதுக்கடன் யோசனையை இன்னிக்கே விட்டுடச் சொல்லுங்க. திருப்பிக் கொடுக்க வழியில்லைன்னு தெரிஞ்சே வாங்கின கடன் விடுவிப்பு சமயத்துல அவருக்கு எதிரா நிக்கும். நொடிச்சவர்னு தீர்மானம் ஆனப்புறம் விடுவிப்பு வாங்கறதுக்குள்ள, தன் நிலைமையைச் சொல்லாம 50 ரூபாயோ அதுக்கு மேலயோ கடன் வாங்கினாலே 72-ஆம் பிரிவுல குற்றம், ஆறு மாசம் வரை சிறை. 1920-ல போட்ட தொகை, இன்னிக்கும் அப்படியே இருக்கு.

பெங்களூரு பாக்கியைக் கட்டாயம் காட்டணும். வர வேண்டிய பணமும் சொத்துதான். வருமா வராதான்னு அண்ணன் முடிவு பண்ண வேண்டியதில்ல. "கேட்டும் தரவில்லை, போன் எடுப்பதில்லை"ன்னு அதையும் சேர்த்தே எழுதலாம். ரிசீவர் அவர் மேல வழக்குப் போட்டு வசூல் பண்ண முடியும், வந்தா கடன்காரங்க பங்கு கூடும், ரூபாய்க்கு 50 பைசா கணக்குலயும் அது உதவும். சரக்கு வித்த பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவா மூணு வருஷம்தான் கெடு, அதனால கடைசி லோடு போன தேதியை முதல்ல பாருங்க.

சந்தூர் போறப்ப அந்தக் குத்தகை நோட்டை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. வந்ததும் எல்லாச் சீட்டையும் வருஷவாரியா அடுக்கி, பென்சில்ல எண் போட்டு, ஜெராக்ஸ் ஒரு செட் உங்க வீட்டுல வெச்சுக்கங்க. மூலம் வக்கீல் கையில. தேதி இல்லாத துண்டுச்சீட்டு சிலது இருக்கும், மாங்கா வியாபாரத்துல அது சகஜம். அதுல இப்ப உட்கார்ந்து யாரும் தேதி எழுத வேண்டாம், இருக்கறபடியே கொடுத்துடுங்க.